ஜன்னலைக் காணாத எரிசக்திச் சட்டம்

புது தில்லி: கரோனா இரண்டாம் அலை சற்றே ஓய்ந்திருந்த 2021 ஜூலையில், மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பாக மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மக்களவை, மைய மண்டபம், 62 மற்றும் 63 எண் கொண்ட குழு அறைகள் ஆகியவற்றின் குளிர்சாதனக் காற்றுக் குழாய்களில், புற ஊதாக் கதிர்கள் மூலம் கிருமிகளை அழிக்கும் கருவிகள் பொருத்தப்படும் என்பதே அது. சண்டீகரில் உள்ள மத்திய அரசின் அறிவியல் கருவிகள் ஆய்வு மையம் அத்தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தது.

மூடிய அறையின் காற்றே நோயைச் சுமந்து செல்லும் என்பதை நாட்டின் சட்டமியற்றும் அவை ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டு மே மாதம், மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக அப்போது இருந்த விஜயராகவனின் அலுவலகம் நாட்டு மக்களுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டிருந்தது. முகக் கவசம், இடைவெளி, தூய்மை ஆகிய மூன்றுடன் காற்றோட்டத்தையும் நான்காவதாக அது சேர்த்தது. நுண்துளிகள் காற்றில் 10 மீட்டர் தூரம் வரை செல்லக்கூடும் என்றும், ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வையுங்கள் என்றும் அது கூறியது.

உறுப்பினர்கள் அமரும் அவையின் காற்றுக்குக் கருவி வந்தது. மற்றவர்களுக்கு அறிவுரை வந்தது. அந்த அறிவுரையைச் சட்டமாக்கும் வாய்ப்பு அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்துக்குக் கிடைத்தது. அது கைநழுவிப் போனதைப் பற்றித் தலைநகரில் இன்றளவும் பெரிதாக யாரும் பேசவில்லை.

100 கிலோவாட் வாசற்படி

எரிசக்திச் சேமிப்பு திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மக்களவையிலும், டிசம்பர் 12-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 2023 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2001-ஆம் ஆண்டின் மூலச் சட்டம் வணிகக் கட்டடங்களைப் பற்றியே பேசியது. இந்தத் திருத்தம் முதன்முறையாகக் குடியிருப்புக் கட்டடங்களையும் வரம்புக்குள் கொண்டு வந்தது. விவாதத்தில் கார்பன் வர்த்தகமே முக்கிய இடம் பிடித்தது. மனிதர்கள் வசிக்கும் கட்டடத்துக்குள் போதிய காற்று வர வேண்டும் என்ற கோணம் பின்னுக்குப் போனது.

இதற்குக் காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின் இணைப்புப் பளு கொண்ட கட்டடங்களே இச்சட்டத்தின் கீழ் வருகின்றன. மாநில அரசுகள் விரும்பினால் அந்த வரம்பைக் குறைத்துக் கொள்ளலாம். ஆக, ஒரு கட்டடத்தைச் சட்டம் அளப்பது அது இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டுதான். அதற்குள் சுவாசிக்கும் மனிதர்களைக் கொண்டு அல்ல.

சித்தூர் மாவட்டத்தின் வெதுருகுப்பத்தை எடுத்துக் கொள்வோம். கங்காதர நெல்லூர் சட்டப்பேரவைத் தொகுதியிலும் சித்தூர் மக்களவைத் தொகுதியிலும் அடங்கிய கிராமப்புற மண்டலம் அது. அங்குள்ள ஒரு தொடக்கப் பள்ளியோ, துணை சுகாதார நிலையமோ, ஓட்டு வீடோ 100 கிலோவாட் வரம்பை எட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒன்றுபட்ட ஆந்திரம் 2014-லேயே எரிசக்திக் கட்டட விதிகளை ஏற்றுக்கொண்ட முன்னோடி மாநிலங்களுள் ஒன்று. ஆனால் அந்த முன்னோடிச் சட்டம் ஹைதராபாத்தின் கண்ணாடி மாளிகைகளுக்குப் பொருந்தியது. வெதுருகுப்பத்தின் வகுப்பறைக்கு அல்ல.

வீடுகளுக்கான நிலையும் இதுவே. எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட குடியிருப்பு விதித்தொகுப்பு, ஜன்னல் விஷயத்தில் நல்ல விதியையே வகுத்தது. திறக்கக்கூடிய ஜன்னல்களின் பரப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காகவும், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்காகவும், குளிர்ப் பகுதிகளில் பன்னிரண்டில் ஒரு பங்காகவும் இருக்க வேண்டும் என்றது. ஆனால் இவ்விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் கட்டடங்களுக்கே என்று வரையறுக்கப்பட்டது. மத்திய அரசே நிதி தந்து கட்டுவிக்கும் கிராமப்புற ஏழை வீட்டின் குறைந்தபட்ச அளவு சமையலிடம் உள்பட 25 சதுர மீட்டர். ஆறில் ஒரு பங்கு விதி அதற்குப் பொருந்தினால் சுமார் 4 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்றாலும் இரண்டரை சதுர மீட்டர். காற்று அதிகம் தேவைப்படும் சின்ன வீட்டுக்கு விதி இல்லை. தோட்டத்தோடு கூடிய பெரிய வீட்டுக்கு விதி இருக்கிறது.

2024-இல் வெளியான திருத்தப்பட்ட தொகுப்பு உள்ளகச் சூழலின் தரம் பற்றியும் பேசுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நுழைவாயில் இன்னும் பெரிய கட்டடங்களுக்கானதே.

மின்விசிறி காற்றைத் தருவதில்லை

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றைச் சுழற்றுகிறது. புதுக் காற்றைக் கொண்டு வருவதில்லை. வீடுகளிலும் அலுவலகங்களிலும் மாட்டப்படும் வழக்கமான குளிர்சாதனக் கருவியும் உள்ளே இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்வித்துத் தருகிறது. வெளிக்காற்று வருவதற்கு ஜன்னலோ, அதற்கென்றே அமைத்த தனிக் குழாயோ வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில், வீடு அல்லாத கட்டடங்களில் ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. 40 மாணவர்கள் அமரும் வகுப்பறைக்கு இது நொடிக்கு 400 லிட்டர். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையானால் மணிக்குப் பத்து முறை அறையின் காற்று முழுவதும் மாற வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் திறந்த ஜன்னல்கள் இருந்தால் மெல்லிய காற்றே இதை இலவசமாகச் செய்துவிடும். ஒரே பக்கம் ஜன்னல் வைத்து, அதையும் மூடிவிட்டால் எத்தனை மின்விசிறி மாட்டியும் பயனில்லை.

ஆந்திர அரசு 2019 நவம்பரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் சேர்க்கப்பட்டன. கழிப்பறை, குடிநீர், மின்விசிறி, விளக்கு, மேசை நாற்காலி, வண்ணப் பூச்சு, சுற்றுச்சுவர் எனப் பட்டியல் நீண்டது. அனைத்தும் தேவையானவையே. ஆனால் காற்றோட்டம் அதில் தனி இனமாக இடம்பெறவில்லை. இது ஆந்திரத்தின் குறை மட்டுமன்று. மின்விசிறி மாட்டினால் காற்றுப் பிரச்னை தீர்ந்தது என்று எண்ணும் நிர்வாகப் பழக்கம் நாடு முழுவதற்கும் பொதுவானது.

தில்லியின் பருவமும் சித்தூரின் பருவமும்

விதிகள் தில்லியில் எழுதப்படுகின்றன. தில்லியின் பருவங்களோ ஜன்னலுக்கு எதிரானவை. மே, ஜூன் மாதங்களில் அனல் காற்று. ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம். நவம்பர் முதல் ஜனவரி வரை நச்சுப் புகைமூட்டம். நுண்துகளுக்கு இந்தியா 2009-இல் வகுத்த 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். குளிர்காலத் தில்லியில் இதைப் பல மடங்கு தாண்டும் நாள்கள் சாதாரணம். 2014 முதல் 2017 வரையிலான காலத்தில் பிரதமர் அலுவலகத்துக்கும் மத்திய அரசுத் துறைகளுக்கும் 140 காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகள் வாங்கப்பட்டதாக 2018-இல் செய்தி வெளியானது. ஜன்னலை மூடு, கருவியை ஓட்டு என்பதே இங்குள்ள தற்காப்பு. புகைமூட்ட நாள்களில் அதைக் குறை சொல்லவும் முடியாது. சுத்திகரிப்புக் கருவி துகளை வடிகட்டும். மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவைக் குறைக்காது என்பது மட்டும் வசதியாக மறக்கப்படுகிறது.

சித்தூர், திருப்பதி, வேலூர்ப் பகுதிகளின் கணக்கு வேறு. தேசிய தூய காற்றுத் திட்டத்தின் நகரப் பட்டியலில் சித்தூரும் இருப்பது உண்மைதான். என்றாலும் தில்லியைப் போல மாதக்கணக்கில் ஜன்னலை அடைத்து வைக்கும் நிலை அங்கு இல்லை. கோடையில் நண்பகலில் மூடி, இரவிலும் அதிகாலையிலும் திறந்துவிட்டால் சுவர்கள் குளிரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாரல் உள்ளே அடிக்காத அளவுக்கு அகலமான சன்ஷேடு இருந்தால் ஜன்னலை மூடத் தேவையில்லை. மார்கழிக் குளிரில் கதவுக்கு மேலே இருக்கும் சிறு திறப்பு போதும். அந்தச் சிறு திறப்பைத்தான் நம் கொத்தனார்கள் காலங்காலமாக வென்டிலேட்டர் என்று அழைத்தார்கள். 2020-க்குப் பின் அச்சொல் மருத்துவமனைக் கருவிக்கு உரியதாகிவிட்டது. புதிய வீடுகளில் அந்தத் திறப்பும் மறைந்து வருகிறது.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டத்தின்படி அப்போது நாட்டில் ஏறத்தாழ 8 சதவீதக் குடும்பங்களிடமே குளிர்சாதனக் கருவி இருந்தது. 2017-18-ஐ ஒப்பிட்டால் 2037-38-இல் குளிர்விப்புத் தேவை எட்டு மடங்காகும் என்றும் அது கணித்தது. அதாவது, அடுத்து வரும் ஆண்டுகளில் கோடிக்கணக்கான அறைகளின் ஜன்னல்கள் முதன்முறையாக மூடப்படவிருக்கின்றன. வெளிக்காற்றைக் குளிர்விக்கக் கூடுதல் மின்சாரம் ஆகும் என்பதால், மின் சிக்கனத்தை மட்டும் பார்க்கும் எந்த விதியும் ஜன்னலை இறுக மூடவே தூண்டும். சட்டத்தின் ஆபத்தான இடைவெளி இதுதான்.

ஆரோக்கியவரம் சொல்லும் பாடம்

இதில் உயிர்ப் பிரச்னை அடங்கியிருக்கிறது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னும் இடம் உண்டு. கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுகூடி 1912-இல் மதனப்பள்ளியில் தொடங்கிய காசநோய் சானடோரியம் 1915-இல் அங்கு இடம் பெயர்ந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஃபிரிமோட் மொல்லர் அதை வளர்த்தார். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயரால் இன்றும் ரயில் நிலையம் இருக்கிறது. மருந்து இல்லாத அக்காலத்தில் திறந்தவெளிக் காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சை.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1959-இல் வெளியிட்ட ஆய்வு உலகின் போக்கையே மாற்றியது. மருந்து முறையாகக் கொடுத்தால் சானடோரியத்தில் கிடைக்கும் பலன் வீட்டிலேயே கிடைக்கும் என்று அது நிறுவியது. நோயைக் குணப்படுத்துவது மருந்து, காற்று அல்ல என்பது தெளிவாயிற்று. அந்த வெற்றியில் காற்றின் இன்னொரு வேலை மறக்கப்பட்டது. காசநோய் பெரும்பாலும் பரவுவது நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு. வகுப்பறையிலும், பேருந்திலும், புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலும். அங்கே மருந்து இல்லை. காற்று மட்டுமே தடுப்பு.

பெரு நாட்டின் லீமா நகர மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை அளந்து காட்டியது. சிகிச்சை பெறாத காசநோயாளிகளுடன் 24 மணி நேரம் இருந்தால் தொற்று அபாயம் இயந்திரக் காற்றோட்ட அறைகளில் 39 சதவீதம்; 1950-க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட வார்டுகளில் 11 சதவீதம் என்று அது மதிப்பிட்டது.

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018 மார்ச்சில் பிரதமர் அறிவித்தார். இலக்கு எட்டப்படவில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2015-இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த பாதிப்பு 2024-இல் 187 ஆகக் குறைந்தது. முன்னேற்றம்தான், ஆயினும் உலகக் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவர் இந்தியர். மருத்துவமனைகளில் காற்றுவழித் தொற்றைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2010-லேயே வெளியிட்டது. வழிகாட்டு நெறி என்பது கட்டாயமன்று.

அதிகாரம் யாரிடம்?

கட்டட விதிகளும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை, மத்திய அரசு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்சாரம் பொதுப் பட்டியலில் இருப்பதால்தான் கட்டடத்தை மின் பளு வழியாகத் தில்லி அணுகியது. ஆனால் அதே பொதுப் பட்டியலின் 29-ஆவது இனம், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் தருகிறது. 2020 செப்டம்பரில் தொற்றுநோய்கள் திருத்தச் சட்டம் நிறைவேறியது. மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பே அதன் நோக்கமாக இருந்தது. காற்றோட்டம் பற்றி அது பேசவில்லை.

மாநில உரிமையில் கை வைக்காத வழியும் இருக்கிறது. ஏழைகளின் வீடு, பள்ளி, சுகாதார நிலையம் ஆகிய மூன்றுக்கும் மத்திய நிதி செல்கிறது. அந்த நிதியில் எழும் கட்டடத்துக்கு, தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஏற்கெனவே கூறும் ஜன்னல் பரப்பை நிபந்தனையாக்கினால் போதும். எந்த அளவு, எந்தத் திசை, எத்தனை அடிச் சன்ஷேடு என்பதைத் தம் பருவநிலைக்கு ஏற்ப மாநிலங்களே முடிவு செய்யட்டும். அதற்கான கூடுதல் செலவை மாநிலத்தின் தலையில் கட்டாமல் மத்திய அரசு ஏற்க வேண்டும். வகுப்பறையிலும் வார்டிலும் கரியமில வாயு அளவைப் பார்த்தால் காற்று மாறுகிறதா என்பது நிமிடங்களில் தெரிந்துவிடும். குடிநீரைச் சோதிப்பது போல இதையும் சோதிக்கலாம்.

தமிழக, ஆந்திர உறுப்பினர்கள் இதை எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. தில்லியின் புகைமூட்டத்துக்குப் பயந்து எழுதப்படும் விதி தெற்கே ஜன்னலை மூடும் விதியாகிவிடக் கூடாது. அவையின் காற்றைச் சுத்தப்படுத்த 2021-இல் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு, அவைக்கு உறுப்பினரை அனுப்பிய வெதுருகுப்பத்தின் வகுப்பறைக்கும் சேர வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் போதும்.