ஏற்றும்போது எத்தனை பாகை, இறக்கும்போது எத்தனை பாகை?

கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

வினாயகபுரத்திலிருந்து எழுதுகிறேன். கச்சான் அடிக்கும் மாதங்களில் இந்தக் கடற்கரை மணலில் நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு, பிறந்த குழந்தைக்குக் குளிர் ஏறுவதைப் பற்றி மடல் எழுதினால் ஊரார் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையை உடுப்பில்லாமல் கிடத்தினால், முதல் நாட்களில் அதைச் சுற்றி ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பது வைத்தியரான உங்களுக்குத் தெரியும். நமக்கு வியர்த்துக் கொட்டும் பகல்கூட அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் குளிர்தான். மார்கழி வாடையில், மழை இரவில், தலைக்கு மேல் காற்றாடி சுழலும் விடுதியில் அதன் பாடு என்ன?

தெரிந்ததையே எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். உங்களோடு சேர்ந்து தாய்மாரும் மாமியாரும் அம்புலன்ஸ் சாரதியும் வாசிக்க வேண்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக்கினேன்.

குழந்தையின் கக்கத்து வெப்பநிலை 36.5 இலிருந்து 37.5 வரை இருந்தால் நல்லது. 36க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்கிவிட்டது. 32க்குக் கீழே போனால் உயிர் ஊசலாடுகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளை இந்த எல்லைகளை வேகமாகக் கடக்கிறது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தது இன்னும் வேகமாக. பெரிய பானைச் சோறு ஆறுமுன் சின்னக் கிண்ணத்துச் சோறு ஆறிவிடுகிறதல்லவா, எடைக்கு ஒப்பிட்டால் தோல் பரப்பு அவ்வளவு அதிகம். அந்தத் தோலும் மெல்லியது. அதன் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. நடுங்குவதற்குப் பதிலாக உடல் எரித்துச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் பெரும்பாலும் சேர்கிறது. ஏழாம் மாதத்தில் வந்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி கிடைக்கவே இல்லை.

வெயில் ஊர் என்பது காப்பாற்றாது. நேபாளத்தின் தெற்கே, வெப்பத்துக்குப் பேர்போன தராய்ச் சமவெளியில் உள்ள சர்லாஹி மாவட்டத்தில், 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை வீடுவீடாகப் போய் அளந்தார்கள். பத்தில் ஒன்பது பிள்ளைகள் ஒரு தடவையாவது 36.5க்குக் கீழே இருந்தன. முதல் அளவையில் ஒரு பாகை குறையக் குறைய, இறப்பு ஏறக்குறைய 80 சதவீதம் கூடியது. அந்த ஆய்வு 2010இல் வெளியானது. அங்கே பெரும்பாலும் வீட்டுப் பிரசவம். நம்மிடம் அது ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. அதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் பிரசவம் வைத்தியசாலைக்குள் வந்தபோது குளிர் பிடிக்கும் இடமும் அதனோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது.

முதலில் பிரசவ அறை. ஈரத்தோடு பிறந்த பிள்ளையை அப்படியே விட்டால், பத்து இருபது நிமிடத்துக்குள் இரண்டு முதல் நான்கு பாகைவரை இழந்துவிடும். அழாத பிள்ளை என்றால் எல்லோருடைய கண்ணும் அதன் மூச்சில் இருக்கும். ஈரத் துணி அடியிலேயே கிடக்கும். இரட்டைக் குழந்தைகள் என்றால் இரண்டாவதுக்குக் கை குறைவு. இவை யாருடைய அசட்டையும் அல்ல, அந்த நேரத்தின் நெருக்கடி. அதனால்தான் 32 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளையைத் துடைக்காமலேயே கழுத்துவரை சுத்தமான பொலித்தீன் பையில் இட்டு, தொப்பி போட்டு, சூடேற்றியின் கீழ் வைக்கச் சொல்கிறார்கள். பை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சைக் கூடம் இதைவிட மோசம். அங்குள்ள குளிர், அங்கி போட்டு விளக்கடியில் நிற்பவர்களுக்காக வைக்கப்பட்ட குளிர். பிள்ளை வெளிவரும் நேரத்துக்கு அறை 25 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளிரூட்டியின் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். தாய்க்கு விறைப்பு ஊசி, பிள்ளை வேறு அறையில், பால் தாமதம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. குளிர்ந்த பிள்ளை ஒட்சிசனையும் சீனியையும் கூடுதலாக எரிக்கிறது; சீனி இறங்குகிறது; மூச்சு முட்டுகிறது; உறிஞ்சப் பலமில்லை. பால் இறங்காத பிள்ளை இன்னும் குளிர்கிறது.

பார்ப்பவரை ஏமாற்றும் நோய் இது. குளிர் ஏறிய பிள்ளையின் முகம் சிலவேளை சிவந்து செழிப்பாகத் தெரியும். அழாது. ‘என்ன நல்ல பிள்ளை, சத்தமே இல்லை’ என்று மாமியார் சந்தோஷப்படுவார். புறங்கையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் எச்சரிக்கை. வயிறும் குளிர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் பொறுக்கக்கூடாது. இன்னொன்று: காய்ச்சல் பார்க்கும் சாதாரணக் கண்ணாடி வெப்பமானி 35 பாகையில்தான் தொடங்குகிறது. 33இல் கிடக்கும் பிள்ளையையும் அது 35 என்றே காட்டும். தாழ்ந்த வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானி ஒவ்வொரு பிரசவ விடுதியிலும் ஒவ்வொரு குடும்பநல உத்தியோகத்தர் பையிலும் இருக்கிறதா என்று ஒருமுறை கணக்கெடுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: வண்டி.

எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு மேல்சிகிச்சை வேண்டுமென்றால் ஏ4 வீதியில் வடக்கே போக வேண்டும். திருக்கோவிலிலிருந்து அக்கரைப்பற்று, அங்கிருந்து கல்முனை, அதற்கும் மேலே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. கல்முனைக்கே முக்கால் மணி நேரம் ஆகும். மாரியில் வீதியில் வெள்ளம் நின்றால் கேட்கவே வேண்டாம். தாய் ஒரு விடுதியில், பிள்ளை ஒரு வண்டியில் என்றால் அத்தனை தூரமும் அந்த ஒரு கிலோ உடம்பு தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ள வேண்டும். நாம் போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கும் வென்டிலேட்டரைப் பற்றிப் பேசுகிறோம். வழியில் இழந்த இரண்டு பாகையைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, மிகச் சிறிய குழந்தைகளில் அனுமதிக்கும்போது ஒரு பாகை குறைந்தால் இறப்பின் சாத்தியம் 28 சதவீதம் கூடியிருந்ததாகக் காட்டியது. எல்லா வசதியும் உள்ள வைத்தியசாலைகளிலேயே அப்படி.

இதற்கு மருந்து 1978இலேயே கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கிடைத்துவிட்டது. இன்கியூபேட்டர் போதாமல் தவித்த எட்கார் ரேய் என்ற வைத்தியர், பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டி வைத்தார். ஏழை நாட்டுக்கு ஏற்ற மாற்று வழி என்று உலகம் அதை ஓரமாக வைத்தது. டில்லி சப்தர்ஜங் வைத்தியசாலையும் நான்கு ஆபிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் வந்த பிறகுதான் பேச்சு மாறியது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை உடல்நிலை தேறும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே மார்பில் வைத்தபோது, 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கியது. தாய் வர முடியாவிட்டால் தகப்பன், அம்மம்மா, சாச்சி யாரும் வைக்கலாம். எங்கள் ஊர்ப் பெண்கள், இந்துவானாலும் முஸ்லிமானாலும், வண்டிக்குள் மார்பைத் திறக்கக் கூச்சப்படுவார்கள். ஒரு திரைச்சீலையும் முன்னால் பொத்தான் வைத்த ஒரு சட்டையும் அந்தக் கூச்சத்துக்குப் போதும்.

வீட்டுப் பக்கம் எங்களுக்கும் வேலை இருக்கிறது. முதல் நாள் குளிப்பாட்டும் அவசரம், ஏணைக்குள் ஈரச் சாரம், ஏழாம் நாள் முடி இறக்குதல். முஸ்லிம்கள் பிள்ளைக்கு முடி இறக்கும் அகீகாவை ஏழில் முடியாவிட்டால் பதினான்கிலும் இருபத்தொன்றிலும் செய்யும் வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளையின் தலை அதுவரை தொப்பிக்குள் இருக்கட்டும் என்று பள்ளிவாசலில் மௌலவிமார் சொன்னால் ஊர் கேட்கும். கோயிலில் முடி இறக்கக் காத்திருப்போருக்கும் இதே பேச்சுத்தான்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு அல்ல. குறைமாதத்தில் வலி வந்த தாயை, முடிந்தால் பிரசவத்துக்கு முன்பே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அது முடியாமல் பிள்ளையை அனுப்ப நேர்ந்தால், ஏற்றும்போது ஒரு வெப்பநிலை, இறக்கும்போது ஒரு வெப்பநிலை, இரண்டும் நேரத்தோடு இடமாற்றக் கடிதத்தில் எழுதப்பட வேண்டும். எழுதாத கடிதத்தை வாங்கும் வைத்தியசாலை திருப்பிக் கேட்க வேண்டும். வண்டியின் குளிரூட்டி அணைந்திருக்க வேண்டும். பிள்ளை ஒரு மார்பில் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அந்த இரு எண்களும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். அந்தக் குழுக்களுக்கு நன்கொடை தருவோர் பெயர் பொறித்த இயந்திரம்தான் தருகிறார்கள். வெப்பமானியில் பெயர் எழுத இடமில்லை, தொப்பியிலும் இல்லை.

தொப்பியை எங்களிடம் விடுங்கள். இந்த ஊரில் தையல் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு கிலோப் பிள்ளையின் தலைச் சுற்றளவையும் எந்தத் துணி நல்லது என்பதையும் உங்கள் தாதியர் எழுதி அனுப்பினால், மாரி தொடங்குமுன் முதல் கட்டு கைக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
வினாயகபுரம் வாசி ஒருவர்