கைமடியும் கிதாரும்

ஞாயிறு திருப்பலி முடிந்து, பாடகர் குழுவினர் ஒலிவாங்கிக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். தோளில் கிதார் உறையுடன் ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். பனியன் நிறுவனம் ஒன்றில் ஓவர்லாக் தைப்பவர், தாராபுரம் பக்கத்துக்காரர். "அய்யா, நானும் குழுவோட வாசிக்கலாமுங்களா?" என்று கேட்டார். "யாரிடம் கற்றீர்கள், தம்பி?" என்றோம். "யாருகிட்டயும் இல்லீங்க. ரூம்ல நானாத்தான் பழகறேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் தம்முள் புன்னகைத்தனர். "முதலில் ஓர் ஆசிரியரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம்" என்று அறிவுரை கூறி அனுப்பிவைத்தோம்.

அந்த அறிவுரையை வழங்கிய வாய் என்னுடையது. அந்த இளைஞர் அதன்பின் திருப்பலிக்கு வருகிறார், கிதாருடன் வருவதில்லை. ஆகவே, இக்கட்டுரை யாரை எதிர்த்து எழுதப்படுகிறதோ அவர்களுள் முதல்வன் நானே.

குருவில்லாத வித்தை பாழ் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். மற்ற ஊர்களில் இதைச் சொன்னால் ஒருவாறு பொருந்தலாம். திருப்பூரில் இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? உலகுக்கே உடுத்திவிடும் இந்நகரின் தையற்கலை எந்தப் பள்ளியில் கற்பிக்கப்பட்டது? கைமடியாகச் சேர்ந்தவர், டெய்லரின் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்தார், மடித்து வாங்கினார். மதிய உணவு இடைவேளையில், ஆளில்லாத மெஷினில் அமர்ந்து பனியன் வேஸ்டைத் தைத்துப் பார்த்தார். தையல் கோணியது, நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, வசவும் கிடைத்தது. ஒருநாள் அவர் டெய்லர் ஆனார். இப்படித்தான் இந்த ஊரில் எத்தனையோ கைகள் தொழில் கற்றன. அவர்களிடம் எவரேனும் சான்றிதழ் கேட்டதுண்டா?

"அங்கே பார்ப்பதற்கு ஒரு டெய்லர் இருந்தாரே" என்று கேட்பீர்கள். உண்மைதான். பார்ப்பதற்கு ஒருவர் இருந்தார். உட்காரவைத்துக் கற்பிக்க ஒருவரும் இல்லை. இன்று கிதார் பழகுபவருக்கும் பார்ப்பதற்கு ஆளில்லாமல் இல்லை. கைப்பேசித் திரையில் விரல் வைக்கும் இடம் தெரிகிறது. சுருதி கூட்டும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. கைமடியாக நின்று கற்ற அதே கண்ணும் அதே பொறுமையும் கிதாருக்கு மட்டும் உதவாமற்போகுமா?

இருபதாம் நூற்றாண்டில் கிதாரை உலகின் பெரும் இசையரங்குகளில் ஏற்றிய பெருமை ஸ்பெயின் நாட்டு ஆந்த்ரே செகோவியாவைச் (1893–1987) சாரும். அவர் பெரும்பாலும் தமக்குத்தாமே ஆசிரியராயிருந்து அக்கருவியைப் பயின்றவர். "நம் இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றவர் அல்லவா?" என்று கேட்கலாம். ஆம், இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் கிதாருக்காகத் தங்கப்பதக்கமும் பெற்றவர். ஆனால், சென்னைக்கு வந்து அந்த ஆசானின் படியேறும் முன்பே, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்து முதிர்ந்த கைகள் அவருடையவை. ஆசானின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆசான் கிடைக்கும்வரை கருவியைத் தொடாதே என்னும் சட்டத்தையே மறுக்கிறேன். ஏகலைவன் கதையில் நம் மனத்தை உறுத்துவது அவன் தானே கற்றதன்று. கற்றபின் அவனிடம் கட்டைவிரல் கேட்கப்பட்டதே. அன்று நாங்கள் அந்த இளைஞரிடம் கேட்டதும் ஒருவகைக் கட்டைவிரல்தான்.

இதற்கு நேரெதிராக இன்னொரு கூட்டம் உண்டு. 'முப்பதே நாட்களில் கிதார்' என்று விற்பவர்கள். இவர்களும் அந்த இளைஞருக்கு நண்பர்கள் அல்லர். முப்பதாம் நாள் எதுவும் வராதபோது, தவறு தன்னுடையது என்று எண்ணி அவர் கருவியை ஆணியில் மாட்டிவிடுவார். உண்மையைச் சொல்லிவிடுவதே அறம்.

உண்மை இதுதான். முதல் சில வாரங்கள் இடக்கை விரல்நுனிகள் வலிக்கும். பின்னர் அங்கே தோல் காய்த்து, வலி அடங்கும். நைலான் கம்பியானால் வலி சற்றுக் குறைவு. இரும்புக் கம்பி எனில் மெல்லிய கேஜில் தொடங்குவது நலம். நிட்டிங் மெஷினோடு பழகியவர்களுக்குக் கேஜ் என்ற சொல் புதிதன்று. மலிவான கிதார்களில் கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரமாக நிற்பதுண்டு. அதைத் தாழ்த்தித் தராமல், விரலுக்கு வலுவில்லை என்று பழிப்பது அநியாயம். வீணையின் மெட்டுகளைப் போலக் கிதாரில் அமைந்திருப்பவை ஃபிரெட்டுகள். விரலை அதன்மீது வைக்காமல், அதை ஒட்டிப் பின்னால் வைத்தால், குறைந்த அழுத்தத்திலேயே நாதம் தெளிவாக எழும்.

தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் இ, ஏ, டி, ஜி, பி, இ என ஆறு சுருதிகள். முதலில் இ மைனர். இரண்டே விரல்கள் போதும். இரண்டாம் ஃபிரெட்டில், தடித்த கம்பிக்கு அடுத்த இரு கம்பிகளை அழுத்த வேண்டும். அடுத்து ஜி, சி, டி. எளிய மெட்டுள்ள பாடல்கள் பலவற்றுக்கு இந்த மூன்று கார்டுகளே துணைநிற்கும். கார்டைப் பிடிப்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாளம் தவறாமல் மாறுவதே கடினம். மாதங்கள் அதில்தான் கழியும். ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்தும் எஃப் கார்டு வரும்போது, பலர் மனமொடிந்து கைவிடுகின்றனர். அதை ஆறு மாதம் தள்ளிவைத்தால் குற்றமில்லை. ஞாயிறன்று மூன்று மணிநேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் பதினைந்து நிமிடம் வாசிப்பது பயன்தரும். வாசித்தபின் வியர்வை படிந்த கம்பிகளைத் துடைத்துவைத்தால் துரு அண்டாது. அதற்கான பனியன் வேஸ்டுக்கு இவ்வூரில் எந்த வீட்டிலும் பஞ்சமில்லை.

தனியே பழகுவதில் ஆபத்தும் உண்டு. மணிக்கட்டை மிகையாக மடிப்பது, தோளை இறுக்குவது போன்ற தவறுகள் தாமாகத் தெரிவதில்லை. எப்போதாவது ஒருமுறை, அறிந்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் அவை திருந்திவிடும். அந்த 'அறிந்த ஒருவர்' நம் பங்குகளில் இல்லையா? இருக்கிறார். ஆனால், பொத்தானை அழுத்தியதும் தாளமும் பின்னணியும் தாமே ஓடும் கீபோர்டின் பின்னே பத்திரமாக அமர்ந்திருக்கிறார்.

"ஆலயத்துக்குக் கிதார் எதற்கு? அது களியாட்டக் கருவி" என்று கூறுவோரும் உளர். கருவிகள்மீதான இத்தகைய ஐயம் திருச்சபைக்குப் புதிதன்று. 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆலயத்தில் பியானோவையே தடை செய்தார். ஆனால், 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, குழலார்கனுக்கு உயரிய இடம் தந்ததோடு, வழிபாட்டுக்கு ஏற்றவையாக அமையும் பிற கருவிகளுக்கும், உரிய அதிகாரியின் இசைவோடு, கதவைத் திறந்தது. அதற்கும் முன்பே, 1818 டிசம்பர் 24 இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில் 'அமைதியான இரவு' முதன்முறை ஒலித்தது. பாடல் எழுதிய குரு யோசேப்பு மோரும் மெட்டமைத்த ஆசிரியர் ஃபிரான்ஸ் கிரூபரும் அதைப் பாடியது கிதாரின் துணையோடுதான். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸில் நாம் உருகிப் பாடும் பாடல் அது. வயலினும் மேல்நாட்டிலிருந்து வந்ததே. இன்று அதை அந்நியக் கருவி என்போமா?

இவை எல்லாவற்றையும்விட என்னைச் சுடுவது மூன்றாவது வாதம். "காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் ஒன்றரை ஷிப்டுக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு? தூங்கி எழுந்து வேலைக்குப் போகட்டும்." பரிவுபோல ஒலிக்கும் இச்சொற்களில் எத்தகைய கொடுமை ஒளிந்திருக்கிறது! உழைப்பவனுக்கு உறக்கம் மட்டும் போதும் என்பது மெஷினுக்கு எண்ணெய் மட்டும் போதும் என்பதற்கு ஒப்பாகும். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் தொழிலாளர் சுற்றுமடலில் ஓய்வை உரிமையாக முன்வைத்தார். உழைப்பவன் ஆன்மா உடையவன் என்பதே அதற்கு அடிப்படை. நாளெல்லாம் பீஸ் கணக்கில் எண்ணப்படும் கைகள், இரவில் பதினைந்து நிமிடம் எவரும் எண்ணாத ஒன்றைச் செய்கின்றன. அங்கே ரேட் இல்லை, செக்கிங் இல்லை, ரிஜெக்‌ஷனும் இல்லை. தவறாக வாசிக்கும் உரிமை அவருக்கு அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அதையும் நாம் பறிக்கலாமா?

தாலந்து உவமையில் மூன்றாம் ஊழியன் தன் தாலந்தைப் புதைத்துவைத்தான். அஞ்சினேன் என்று அவனே காரணம் சொல்கிறான். நம் பங்குகளில் புதைந்து கிடக்கும் தாலந்துகளுக்கு, அவற்றைப் புதைத்தவர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவர்களை அஞ்சவைத்தவர்களும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

வாசக அன்பர்களே! நான் கேட்பது பெரிய திட்டமன்று, நிதியுமன்று. பாடகர் குழுவின் பின்வரிசையில் ஒரு நாற்காலி. இரண்டே கார்டு தெரிந்தவர் அந்த இரண்டு வரும் இடங்களில் மட்டும் வாசிக்கட்டும். மற்ற இடங்களில் கேட்டுக்கொண்டிருக்கட்டும். டெய்லரின் பக்கத்தில் கைமடி நிற்பதுபோல் நிற்கட்டும். திருப்பலிக்குப் பின், அறிந்தவர் ஒருவர் கால்மணி நேரம் அவருடைய விரல்களைப் பார்க்கட்டும்.

தாராபுரத்துத் தம்பியின் அறைக்கு நான் செல்ல வேண்டியிருக்கிறது. அறிவுரை சொல்ல அன்று; மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் வாசிப்பதைக் கேட்க.