சீட்டெடுக்கும் விசுவாசம்

அண்ணாமலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில், நகரின் ஆரவாரத்திற்கு நேரெதிரே, மலையின் மேற்கு அடிவாரத்தில் ஒதுங்கி நிற்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவுகளில் வெறுங்காலோடு வரும் பெருங்கூட்டம் இவ்வூரைக் கடந்து செல்கிறது. நேர்ந்துகொண்டவர்களும், நேர்த்திக்கடன் தீர்ப்பவர்களும், ஊர் நடக்கிறதே என்று உடன் நடப்பவர்களும் அக்கூட்டத்தில் உண்டு. பாதையில் இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் குபேர லிங்கம். அங்கே மட்டும் கூட்டம் நகர மறுக்கும். நம்மவர் சிலர் இதைக் கண்டு நகைப்பதை நான் கேட்டிருக்கிறேன். “செல்வத்துக்காகத்தானே கும்பிடுகிறார்கள்!” என்று அவர்கள் கேலி பேசுவார்கள். அந்த நகைப்பு உதட்டிலேயே உறைந்துபோக வேண்டியது. ஏனெனில், குபேரனைத் தேடி 14 கிலோமீட்டர் நடக்கும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளாமல், கோவில் வாசலிலேயே ஒரு பெட்டிக்குள் அவனைக் குடியேற்றி வைத்திருக்கிறோம் நாம்.

டிசம்பர் 31 நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் நம் ஆலயங்கள் பலவற்றில் நிகழ்வதையே சொல்கிறேன். பீடத்தருகே ஒரு பெட்டி. அதற்குள் வண்ண அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் விவிலியத்தின் ஒரு வசனம், பெரும்பாலும் பாதி வசனம். நற்கருணைக்கு வராதவர்கூட இந்த வரிசைக்கு வந்துவிடுகிறார். கண்ணை மூடி, கையை விட்டு, ஒன்றை எடுத்து, “இந்த வருஷம் ஆண்டவர் எனக்கு இதைத்தான் கொடுத்திருக்கிறார்” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். அட்டை மனத்துக்கு இசையாவிட்டால் மறுபடியும் வரிசையில் நின்று வேறொன்று எடுப்பவரும் உண்டு. திருவிழாக் கடைகளில் கூண்டுக் கிளி நெல்லைக் கொத்திக்கொண்டு சீட்டெடுத்துத் தருமே, அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்ன? அங்கே கிளி எடுக்கிறது. இங்கே நாமே எடுக்கிறோம்.

‘வாக்குத்தத்தம்’ என்ற சொல்லே நம் அண்டைச் சபைகளிலிருந்து வந்தது. சொல் எங்கிருந்து வந்தாலும் குற்றமில்லை. அதனோடு வந்த எண்ணம்தான் குற்றம். கடவுளுக்கு உகந்தபடி வாழ்ந்தால் வீடு வரும், வேலை வரும், வெளிநாட்டு விசா வரும், நோய் போகும். இவை வராவிட்டால் உன் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது: இதுதான் அந்த எண்ணம். பெருவிழாப் பந்தல்களில் மேடையேறும் ‘சாட்சி’களைக் கவனியுங்கள். கடன் தீர்ந்தவர் சாட்சி சொல்கிறார். கடன் தீராமலே கண்ணியமாக வாழ்பவரை யாரும் ஒலிபெருக்கி முன் அழைப்பதில்லை.

பெட்டியில் அடிக்கடி அகப்படும் வசனம் எரேமியா நூலின் 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம். மக்களுக்குக் கேடு அன்று, நன்மையும் எதிர்காலமுமே தம் எண்ணத்தில் உள்ளன என்று ஆண்டவர் உரைக்கும் பகுதி அது. திருமண அழைப்பிதழில் அச்சாகிறது. புதுமனைப் புகுவிழாவில் சுவரேறுகிறது. அதற்கு முந்திய வசனத்தைப் படித்தவர் எத்தனை பேர்? அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எழுதி அனுப்பியது. எழுபது ஆண்டுகள் அங்கேயே கிடப்பீர்கள் என்கிறது 10-ஆம் வசனம். வீடு கட்டிக்கொள்ளுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய நகரின் நலனுக்காகவே மன்றாடுங்கள் என்கின்றன அதற்கு முன்னுள்ள வரிகள். அக்கடிதத்தைக் காதால் கேட்ட வயதுவந்தோரில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே மடிந்திருப்பர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட நம்பிக்கை, அவர்கள் கண்ணால் காணப்போகாத நம்பிக்கை. பேரப்பிள்ளைகள் காண்பார்கள் என்பதற்காகத் தோட்டம் போடும் நம்பிக்கை. அதைத்தான் நாம் “இவ்வாண்டு எனக்கு” என்று பன்னிரண்டு மாதத்துக்குள் அடைக்கிறோம்.

இதே நூலில் இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்றொருவர் வருகிறார். அவரும் ஆண்டவரின் பெயராலேயே பேசினார். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும், கொள்ளைபோன கோவில் கலங்கள் திரும்பும் என்றார். எரேமியா கழுத்தில் சுமந்திருந்த நுகத்தைப் பிடுங்கி மக்கள் முன் உடைத்தும் காட்டினார். மக்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவோ அவரைப் பொய்யை நம்பச் செய்தவர் என்று கண்டித்தார். நம் பெட்டியிலுள்ள அட்டைகளில் எரேமியாவின் பெயர் அச்சாகியிருக்கலாம். அவற்றைப் பொறுக்கிக் கோத்த கை அனனியாவின் கை.

இவ்வாறே பிலிப்பியர் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரமும் பாடுபடுகிறது. தமக்கு வலுவூட்டுகிறவரின் துணையால் எதையும் செய்ய ஆற்றல் உண்டு என்று புனித பவுல் எழுதியது தேர்வில் வெல்வதற்கோ, தொழிலில் தழைப்பதற்கோ அன்று. சிறையிலிருந்து எழுதுகிறார். நிறைவிலும் பட்டினியிலும் ஒரே மனநிலையோடு வாழக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவ்வரிக்கு வருகிறார். அந்த ‘எதையும்’ என்பதற்குள் பட்டினியும் அடங்கும். சூழலிலிருந்து பிய்த்து ஒரு வாக்குறுதி வசனத்தை எடுத்து நீட்டியவன் யார் என்று நற்செய்தியைக் கேட்டால், அது கூசாமல் பதில் சொல்கிறது. எருசலேம் கோவிலின் உச்சியில் 91-ஆம் திருப்பாடலை எடுத்து இயேசுவுக்கு முன் நீட்டியவன் அலகை!

மறுப்போர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு. இணைச்சட்ட நூலின் 28-ஆம் அதிகாரம் கீழ்ப்படிவோருக்கு விளைச்சலையும் கால்நடைச் செல்வத்தையும் வாக்களிக்கவில்லையா என்பர். வாக்களிக்கிறதுதான், ஒரு மக்களினம் முழுவதும் நீதியோடு வாழ்ந்தால் அதன் மண் செழிக்கும் என்ற பொருளில். அதைத் தனிமனிதக் கணக்குப் புத்தகமாக்கி, துன்புறுகிறவன் பாவியே என்று யோபுவிடம் வாதாடினர் அவருடைய நண்பர்கள். இறுதியில் கடவுள் சினந்தது அந்த நண்பர்கள்மீது; ஓலமிட்ட யோபுவின்மீது அன்று. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நாள்முழுதும் வேர்க்கடலைக் கொல்லையில் குனிந்து நிமிரும் ஓர் ஏழைப்பெண்ணுக்கு அந்த அட்டை ஓர் ஆண்டு முழுவதும் ஆறுதல் தருகிறதே, அதைப் பறிக்க நீ யார் என்கின்றனர். நான் யாருமில்லைதான். அவர் கையிலுள்ள அட்டையை நான் பறிக்கவில்லை. முழுப் புத்தகமும் அவருக்கு உரியதாயிருக்க, ஒரு துண்டை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்ட நம்மையே கேட்கிறேன்.

மலைப்பொழிவின் தொடக்கத்தில் கிரேக்க மூலம் ஒன்பது முறை பயன்படுத்தும் ‘மக்காரியோய்’ என்ற சொல்லை, 1995-இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘பேறுபெற்றோர்’ என்று தருகிறது. அழகிய தேர்வு. பெறுவதால் அது பேறு. பறிப்பதோ, விலைபேசுவதோ, அதிர்ஷ்டத்தில் அகப்படுவதோ அன்று. முதல் திருப்பாடலில் அப்பேற்றுக்கு உரியவர் இரவும் பகலும் திருச்சட்டத்தைச் சிந்திப்பவர் எனப்படுகிறார். அங்குள்ள எபிரேயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுத்தல் என்று பொருள். எசாயா நூல் அதே சொல்லை இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், முனகும் புறாவுக்கும் வழங்குகிறது. இரையை விடாத சிங்கத்தைப் போல வசனத்தை விடாமல் பற்றியிருப்பது எங்கே, ஓர் அட்டையை எடுத்துப் பணப்பையில் செருகுவது எங்கே?

கி.பி. 386-இல், மிலான் நகருக்கு அருகே ஒரு நாட்டுப்புற இல்லத்தில், அகுஸ்தீன் தம் பிறந்தநாளையொட்டித் தாயோடும் நண்பரோடும் பேரின்ப வாழ்வைப் பற்றி உரையாடினார். விரும்பியதெல்லாம் கிடைத்தவன் இன்புற்றவன்தானா என்பது கேள்வி. தத்துவம் படித்த இளைஞர்கள் தயங்கியபோது, படிப்பில்லாத மோனிக்கா அம்மாள் தயங்கவில்லை. விரும்பியது நல்லதாயிருந்து கிடைத்தால் அவன் இன்புற்றவன். தீயதாயிருந்தால், கிடைத்தாலும் அவன் துன்புற்றவனே என்றார். தத்துவத்தின் கோட்டையையே அன்னை பிடித்துவிட்டதாக மகன் வியந்தார். நம் பெட்டி இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நீ விரும்புவது விரும்பத்தக்கதா என்று அது வினவுவதில்லை. விரும்பியது கிடைக்கும் என்று மட்டுமே கூறுகிறது.

அடி அண்ணாமலையில் நின்று இதை எழுதும்போது மாணிக்கவாசகரை மறந்துவிட்டுப் போக இயலாது. திருவெம்பாவை பாடப்பட்ட இடம் இதுவென்று மரபு சொல்கிறது. அவருக்கு இங்கே கோவிலும் உண்டு. பாண்டியனின் அமைச்சராயிருந்து, குதிரை வாங்கத் தந்த பொருளையெல்லாம் இறைபணியில் கொட்டிவிட்டு வறியவரானவர் என்பது அவர் கதை. அவருடைய பாவைப் பெண்கள் மார்கழி விடியலில் இறைவனிடம் கேட்பதைப் பாருங்கள். தங்களுக்கு வாய்க்கும் கணவர் இறைவனின் அடியாராயிருக்க வேண்டும், அவரோடு சேர்ந்து தொண்டு செய்ய வேண்டும், அது கிட்டினால் வேறு குறையே இல்லை என்கிறார்கள். 27-ஆம் திருப்பாடலின் ஆசிரியரும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார்: ஆண்டவரின் இல்லத்தில் குடியிருப்பதை. சமயங்கள் வெவ்வேறு என்பதை நான் அறிவேன். அவற்றைக் கலக்கவும் வரவில்லை. ஆனால் அந்தப் பாவைப் பெண்கள் நம் ஆலயத்தின் நள்ளிரவு வரிசையைப் பார்த்தால், நாணித் தலைகுனிய வேண்டியவர்கள் யார்?

இம்மலையின் குகைகளில் நம்மவர் ஒருவரும் வாழ்ந்திருக்கிறார். பிரான்சில் பிறந்த பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோ, 1950-இல் அருட்தந்தை மோன்ஷனேனுடன் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கி, அபிஷிக்தானந்தா என்று பெயர் பூண்டவர். 1949-இல் இங்கு வந்து இரமணரைக் கண்டார். 1952 தொடங்கிப் பலமுறை இக்குகைகளில் மௌனத்தில் தங்கினார். அவருடைய இறையியல் முழுவதையும் ஏற்க என்னால் இயலாது. ஆயினும், அத்வைத அனுபவத்துக்கும் திருச்சபை விசுவாசத்துக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் கிழிபட்ட அம்மனிதர் எதையும் விட்டோடவில்லை. 1973 ஜூலையில் ரிஷிகேஷ் தெருவில் மாரடைப்பால் விழுந்து கிடந்த நிகழ்வையே தம் வாழ்வின் பெரும் கண்டடைதலாகவும் மகிழ்ச்சியாகவும் அவர் எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 7-இல் இந்தூரில் மறைந்தார். எந்தச் சாட்சி மேடையில் அவரை ஏற்றுவீர்கள்? நோய் நீங்கியதற்கா?

வாழ்வின்றி வாசிப்பு மட்டும் பேறு தந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இயேசுவின் தாயின் வயிற்றை ஒரு பெண் போற்றியபோது, இறைவார்த்தையைக் கேட்டுக் கடைப்பிடிப்போரே பேறுபெற்றோர் என்று அவர் திருப்பியதை லூக்கா எழுதுகிறார். சீடரின் காலடிகளைக் கழுவித் துடைத்தபின், இதை அறிந்ததோடு நில்லாமல் செய்தால் பேறுபெற்றோராவீர்கள் என்றதை யோவான் எழுதுகிறார். நம்மவர் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி, நடுவே சுவரும் எழுப்பினார்கள். அந்த ஊர்களிலும் புத்தாண்டு அட்டை எடுக்கிறார்கள். ‘எல்லாரும் ஒன்றே’ என்ற கலாத்தியர் வசனம் கைக்கு வந்தால் என்ன செய்வார்கள்? மறுபடியும் வரிசையில் நிற்பார்கள் போலும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், ஆண்டவரின் திருவுடலுக்குத் தரும் வணக்கத்துக்கு இணையாகத் திருநூல்களையும் திருச்சபை வணங்கிவந்துள்ளது என்று எடுத்துரைத்தது. விசுவாசிகள் அனைவருக்கும் திருநூல் எளிதில் எட்டவேண்டும் என்றும் பணித்தது. நற்கருணை அப்பத்தைப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்வோமா? அரைமணி நேரம் உட்கார்ந்து ஓர் அதிகாரத்தை முழுதாக வாசிக்கும் அன்பியங்கள் எத்தனை என்று பங்குத்தந்தையர் எண்ணிப் பார்க்கட்டும். அட்டை அச்சடிக்கும் செலவில் பல ஏழை வீடுகளுக்குப் புதிய ஏற்பாடு வாங்கித் தரலாம். இது அரிய ஆலோசனை அன்று, செய்வதற்குத்தான் மனமில்லை.

கிரிவலப் பாதையிலிருந்து சற்று விலகிய ஒரு சிற்றூரில் எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாய் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், சிறுநீரக நோயோடு போராடிய இளைய மகனுக்காக அவர் எடுத்த அட்டையில் குணமளிக்கும் வசனம் வந்தது. அதை மகனின் தலையணைக்கடியில் வைத்தார். ஆடி மாதத்தில் மகன் இறந்தான். ஒரு செபக்கூட்டத்தில், “நீங்க சந்தேகப்பட்டிருப்பீங்கம்மா” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அந்த அம்மாள் விவிலியத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். ஓராண்டுக்குமேல் கோவில் பக்கம் வரவில்லை. ஊரில் யாரும் ஏனென்று கேட்கவுமில்லை.

உபதேசியார் ஒருநாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார். ஆறுதல் வசனம் எதையும் அவர் தேடவில்லை. 88-ஆம் திருப்பாடலைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை வாசித்தார். திருப்பாடல்களிலேயே இருளில் தொடங்கி இருளிலேயே முடிவது அது; விடிவென்று ஒரு வரியும் அதில் இல்லை. அந்த அம்மாள் நெடுநேரம் பேசாதிருந்து, “இதெல்லாம் கூடவா வேதத்துல எழுதி வெச்சிருக்கு, உபதேசியாரே?” என்று கேட்டார். பிறகு ஏணியைச் சாய்த்துப் பரணிலிருந்து அந்தத் துணிமூட்டையை இறக்கித் தரச் சொன்னார்.

இப்போது இரவுதோறும் ஒரு திருப்பாடல். எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார், உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வாரம் இருமுறை பேருந்தேறி மருத்துவமனைக்குப் போய், துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார். சென்ற டிசம்பர் 31 இரவும் அவர்கள் கோவிலில் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. வரிசையில் நின்ற பேத்தி, “ஆயா, உனக்கும் ஒண்ணு எடுத்தாரட்டா?” என்றாள். “எனக்கு வூட்டுல புஸ்தகம் இருக்குது, நீ எடுத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.