காது முதலில், மொழி அப்புறமா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டால், ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். "அவுங்கப்பனே மூணு வயசுலதானுங்க பேசுனான், பொறுங்க" என்பார் அப்பத்தா. "மெஷின் வெச்சா சரியாயிருமுங்க" என்பார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "கை காட்டிப் பழக்கீராதீங்க, அப்பறம் பேச்சே வராது" என்பார் விவரம் தெரிந்த ஒருவர். சில சமயம் அவர் டாக்டராகவும் இருப்பார். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: முதலில் காது சரியாகட்டும், மொழி பின்னால் தானாக வரும். அந்த வரிசையே தப்பு என்கிறேன்.

பொறுப்பதிலிருந்து தொடங்குவோம். வீட்டில் செய்யும் சோதனை பெரும்பாலும் ஏமாற்றும். பின்னால் நின்று தட்டத்தைத் தட்டினால் குழந்தை திரும்புகிறது. திருப்பியது சத்தமா, தரையில் வந்த அதிர்வா, கண்ணோரம் அசைந்த நிழலா? யாருக்குத் தெரியும். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ங்கா' கொட்டும், சிரிக்கும், வீறிட்டு அழும். 'பாபா', 'மாமா' என்று அசை அடுக்கும் மழலை வரவேண்டிய ஏழெட்டு மாதத்தில்தான் வித்தியாசம் தலைகாட்டும். அதுவும் உற்றுக் கேட்பவருக்கு மட்டும். ஆனால் பிறந்த ஓரிரு நாளிலேயே, தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழைச் செருகி ஓஏஇ கருவியால் உள்காதைச் சோதித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் அடுத்தது, காதிலிருந்து மூளைக்குப் போகும் குறிகையை அளக்கும் பெரா சோதனை. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பது மருத்துவ உலகம் வகுத்துக்கொண்ட கணக்கு.

ஆறு மாதம் என்ற எல்லை காரணமில்லாமல் வந்ததில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டீன் யோஷினாகா இட்டானோவும் உடன் பணியாற்றியவர்களும் 1998ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். பேச்சு வழியில் வளர்ந்தாலும் சைகை வழியில் வளர்ந்தாலும் அந்த முன்னிலை மாறவில்லை. பட்டம் தவறினால் விதைநெல் எவ்வளவு நல்லதாக இருந்தும் பலனில்லை என்று தெரிந்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நம் நாட்டில், 2013ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது, நல்லதுதான். குழந்தை அங்கன்வாடி வாசலை மிதிக்கும்போது வயது இரண்டு, மூன்று ஆகியிருக்கும் என்பதுதான் சிக்கல். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் பிறவிக் கேளாமைக்கு வாய்ப்பு கூடுதல். அவர்களாவது பிரசவ வார்டிலேயே சோதனையைக் கேட்டு வாங்கவேண்டும்.

"கொஞ்சம் கேக்குதுங்க, அது போதும்" என்பது பொறுக்கச் சொல்வதிலேயே இன்னொரு வகை. பேச்சுத் தமிழில் 'வந்தான்' என்பதன் கடைசி 'ன்' மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. 'வந்தாள்' என்பதில் 'ள்' விழுந்தே போகிறது. வந்தது ஆணா பெண்ணா என்பது அந்த மெல்லிய மூக்கொலியில்தான் தொங்குகிறது. யார், எப்போது, எத்தனை பேர் என்பதையெல்லாம் நம் மொழி சொல்லின் வாலில் வைத்திருக்கிறது. அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு வாலை விட்டுவிடும். கூப்பிட்டால் திரும்பும், இலக்கணம் சேராது. பள்ளியில் அதற்கு 'மந்தம்' என்று பெயர் வைப்பார்கள்.

அடுத்தது மெஷின். இதில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல முடியாது. உள்காதில் கருவி பொருத்தும், லட்சக்கணக்கில் செலவாகும் காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேசனை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லாமல் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பலன் பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஆபரேசன் முடிந்த அன்று குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. சில வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை இயக்குவார்கள். பிறகு கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கேற்பத் திருத்தும் மேப்பிங், மறுபடி மேப்பிங், வாராவாரம் ஸ்பீச் தெரபி. கோபியிலிருந்து கோயம்புத்தூர் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. ஒயர் அறுந்தால், பேட்டரி தீர்ந்தால், குளிக்கும்போது, தூங்கும்போது பிள்ளை பழையபடி கேளாத பிள்ளைதான். எல்லாவற்றையும்விட, சோதனை, சான்றிதழ், அனுமதி என்று ஆபரேசன் தேதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் அந்தக் குழந்தைக்கு எந்த மொழியும் கிடைப்பதில்லை. மூளையோ தேதி பார்த்து வளர்வதில்லை.

அந்த இடைவெளியைக் கையால் நிரப்பலாம் என்று சொன்னால்தான் மூன்றாவது ஆட்சேபம் கிளம்பும்: கை காட்டினால் வாய் வராது. இதன் பூர்வீகம் கொங்குநாடு கிடையாது, இத்தாலி. 1880ல் மிலானில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. நூற்று முப்பது ஆண்டு கழித்து, 2010ல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை அதைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. நம்மூரில் அந்தத் தீர்மானம் இன்னும் அமலில் இருக்கிறது.

எதிர்த்தரப்பிலும் சரக்கு உண்டு. 2017ல் ஆன் கீர்ஸ் குழுவினர், இம்பிளான்ட் வைத்த பிள்ளைகளில் சைகையை நீண்டகாலம் பயன்படுத்தியவர்கள் பேச்சில் பின்தங்கியதாக எழுதினார்கள். ஆனால் அந்த வீடுகளில் பெரும்பாலும் புழங்கியது பேச்சோடு தூவிய சைகைதான், முழுமையான சைகை மொழி இல்லை என்று விமர்சகர்கள் காட்டினார்கள். பேச்சு வராத பிள்ளைக்கே கை அதிகம் தேவைப்படும் என்பதும் மறக்கக்கூடாதது. சென்னையில் 1969ல் தொடங்கிய பால வித்யாலயா சைகையில்லாமலே பிள்ளைகளைப் பேசவைத்துப் பொதுப்பள்ளிக்கு அனுப்புகிறது, உண்மை. அங்கே வேலை செய்வது பிஞ்சு வயதில் தொடங்குவதும் பெற்றோரை உள்ளே இழுப்பதும் என்றே நான் வாசிக்கிறேன். அந்த இரண்டும் சைகைக்கு எதிரான சாட்சியாகாது.

"எங்களுக்கே சைகை தெரியாதுங்களே" என்பது நியாயமான கேள்வி. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. 2021ல் கேசெல்லி, பையர்ஸ், லீபர்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் சைகை மொழி பார்க்கத் தொடங்கிய பிள்ளைகள், பெற்றோர் புதிதாகக் கற்பவர்களாக இருந்தும், வயதுக்கேற்ற சொல்வளம் பெற்றிருந்தார்கள். தாய் குழந்தையைவிட நாலு சொல் முன்னே போனால் போதும். இந்திய சைகை மொழி ஆய்வு பயிற்சி மையத்தின் அகராதியில் 2021ல் பத்தாயிரம் சொற்கள் காணொளியாக வந்துவிட்டன. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை உருவாக்கச் சொல்கிறது.

சட்டத்திலும் அகராதியிலும் இருப்பது வீட்டுத் திண்ணைக்கு வர ஆள் வேண்டும். காது கேளாதோர் பள்ளியில் படித்து, சைகையில் சரளமாகப் பேசும் பெரியவர்கள் ஈரோடு, கோவை மாவட்டங்களில் இருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் ஒரு குழந்தையோடும் அதன் அம்மாவோடும் பேசிக்கொண்டிருக்க அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். மத்திய அரசுத் திட்டம் ஓர் இம்பிளான்டுக்கு லட்சக்கணக்கில் ஒதுக்குகிறது. அதில் ஒரு சிறு பங்கு இதற்குத் தாராளமாகப் போதும். தெரபிஸ்டும் வரட்டும், மெஷினும் வரட்டும். சைகை பேசும் அந்தப் பெரியவரை முதல் மாதமே அனுப்புங்கள்.