பொறி வாங்குமுன் பொந்தை அடைப்போம்

மளிகை வணிகத்துக்கும் எலிக்கும் உள்ள பகை இன்று நேற்று ஏற்பட்டதல்ல. தானியத்தை மூட்டையாகக் கட்டி அடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது தொடர்கிறது. நம்மில் பலரது கடையில் கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படம் இருக்கிறது. கல்லாவுக்குக் கீழே அவருடைய வாகனம் ஓடுகிறது. மேலே இருப்பவருக்குச் சூடம் காட்டுகிறோம். கீழே ஓடுவதற்கு நஞ்சு வைக்கிறோம். சரக்கைக் காப்பது வணிகனின் கடமை. அதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால், காப்பதற்கு நாம் பழகிவிட்ட வழி சரியானதா, சிக்கனமானதா என்று ஒருமுறை கணக்குப் பார்த்தாக வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் நஷ்டக் கணக்கு. வளர்ந்த எலி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம் தின்னும். ஆண்டுக்கு 9 கிலோ. கிட்டங்கியில் பத்து எலி இருந்தால் 90 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. தின்பது இவ்வளவுதான். கெடுப்பது இதைவிட அதிகம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டியது அதன் இயற்கை. சாக்கு, அட்டைப் பெட்டி, மின் ஒயர் எதுவும் தப்பாது. சாக்கு கிழிந்து கொட்டிய பருப்பும், புழுக்கையும் சிறுநீரும் பட்ட அரிசியும் விற்பனைக்கு ஆகாது. எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும் என்பதையும் நாம் அறிவோம். ஆகவே, எலியை வெளியேற்ற வேண்டுமா என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. எப்படி வெளியேற்றுவது என்பதே கேள்வி.

நஞ்சு வைப்பதன் விலை

பெரும்பாலோர் உடனே நாடுவது எலி மருந்தை. கடையில் இன்று பரவலாகக் கிடைக்கும் கட்டி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்து, உள்ளுக்குள் இரத்தம் கசியச் செய்து கொல்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை. நாலைந்து நாள் நடமாடிவிட்டு, சுவர்ப் பொந்திலோ மூட்டை அடுக்கின் அடியிலோ போய்ச் சாகும். பிறகு வரும் நாற்றத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தள்ளாடும் அந்த எலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் கூகையும்கூட நஞ்சேறிச் சாகக்கூடும். எலிகளைத் தினந்தோறும் இலவசமாகப் பிடித்துக்கொண்டிருந்த காவல்காரர்களை நாமே கொன்றுவிடுகிறோம்.

மனித உயிருக்கு நேரும் ஆபத்து இதைவிடப் பெரிது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், ஒரு வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்த செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிக்கக்கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. பற்பசைக் குழாய் போலவே இருப்பதால் பற்பசை என்றெண்ணிப் பல் தேய்த்து உயிரிழந்தவர்கள் உண்டு. 2022-23இல் தமிழ்நாடு அரசு அந்தப் பசையைத் தடை செய்தது. அது வரையில் அதை விற்றவர்கள் யார்? சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே வைத்து விற்றவர்கள் நம் வணிகத்தைச் சேர்ந்தவர்கள்தாம். பழைய இருப்பு எந்தக் கடையின் மூலையிலாவது இன்னும் கிடந்தால் அது விற்பனைச் சரக்கு அன்று. யாருக்கும் கொடுத்துவிடாமல் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கேட்டு முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும்.

பசை அட்டை என்னும் கொடுமை

நஞ்சு வேண்டாம் என்பவர்கள் பசை அட்டைக்குப் போகிறார்கள். சுத்தமான வழி என்று அதை விற்பவர்கள் சொல்கிறார்கள். அதில் ஒட்டிக்கொண்ட எலி உடனே சாவதில்லை. பசியாலும் தாகத்தாலும் ஒன்றிரண்டு நாள் துடிக்கிறது; விடுபடுவதற்காகத் தன் காலையே கடித்துக்கொள்கிறது. கடைப் பையன் அதை உயிரோடு மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். பயத்தில் அது கழிக்கும் மலமும் சிறுநீரும் நம் சரக்கின் பக்கத்திலேயே கிடக்கின்றன. ஆக, சுத்தம் என்ற பேச்சும் பொய்த்துப் போகிறது. எலி மட்டுமின்றி, பல்லி, அணில், சிட்டுக்குருவி என எது வந்தாலும் பசைக்குத் தெரியாது.

விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, இந்திய விலங்குகள் நல வாரியம் 2011இலும் 2020இலும் பசைப் பொறிகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. அதைத் தொடர்ந்து பல மாநில அரசுகள் அவற்றைத் தடுக்க ஆணையிட்டன. சட்டத்துக்காக மட்டும் இதை விட வேண்டும் என்பதில்லை. கொல்வதே தவிர்க்க முடியாதது என்றானால், அது நொடியில் முடிய வேண்டும். இரண்டு நாள் வதைக்கும் உரிமை நமக்கு இல்லை.

கொன்றால் தீருமா?

மருந்து வைத்த மாதத்தில் எலி குறைகிறது. அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பழைய நிலைமை திரும்புகிறது. இது எல்லோருடைய அனுபவமும்தான். காரணம் எளியது. பெண் எலி மூன்று வாரம் சினையாக இருந்து ஆறேழு குட்டி போடுகிறது. பத்தில் ஐந்தைக் கொன்றால், மிஞ்சிய ஐந்துக்கும் இரட்டிப்பு உணவும் இடமும் கிடைக்கிறது. அவை இன்னும் செழித்துப் பெருகுகின்றன. நாம் குறைத்தது தலைக்கணக்கை; குறைக்காதது சாப்பாட்டையும் வாசலையும். வாசல் திறந்திருக்கும் வரையில் பக்கத்துச் சாக்கடையிலிருந்து புதியவை வந்துகொண்டேதான் இருக்கும்.

கூண்டு வைத்து உயிரோடு பிடிப்பதும் தனியாகப் போதாது. மசால் வடையையோ தேங்காய்ச் சில்லையோ மாட்டி மரக்கூண்டு வைப்பது நல்ல பழைய முறைதான். ஆனால், பிடித்த எலியை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுவது ஜீவகாருண்யம் அன்று. நம் சேதாரத்தை இன்னொரு வணிகர் பெயரில் எழுதுவது. அறிமுகமில்லாத இடத்தில் விடப்பட்ட எலியும் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பொந்தை அடைக்கும் முறை

ஆகவே முதல் வேலை அடைப்பதுதான். சுண்டெலிக்குப் பென்சில் பருமனுள்ள துளை போதும். எலிக்கு அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம் போதும். ஷட்டரின் அடி இடைவெளி, கதவின் கீழ் மூலை, மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் சுவரைத் துளைக்கும் இடம், கூரையும் சுவரும் சேரும் இடம், சாக்கடை வாய் ஆகிய ஐந்தையும் ஒரு மாலையில் டார்ச் விளக்குடன் பார்த்தால் வழி தெரிந்துவிடும். துளையில் இரும்பு நாரைத் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூச வேண்டும். வெறும் சிமெண்டைப் பெருச்சாளி பறித்துவிடும். கதவின் அடியில் தகரப் பட்டை அடிக்க வேண்டும். சாக்கடை வாய்க்கு இரும்பு வலை போட வேண்டும்.

இரண்டாவது, மூட்டையைத் தரையில் போடக் கூடாது. அரையடி உயரமுள்ள மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓர் ஆள் நுழைந்து பெருக்குமளவு தள்ளி அடுக்கினால் எலிக்கு மறைவிடம் இல்லாமல் போகும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த உரிம விதிமுறைகள் நம்மிடம் கேட்பதும் இதைத்தான். மூன்றாவது, இரவு கடை சாத்துமுன் கொட்டியதைப் பெருக்கி, உடைத்த மூட்டையின் மீதியை மூடியுள்ள டிரம்மில் போட வேண்டும். இவற்றைச் செய்த பிறகு உள்ளே மிஞ்சியுள்ள ஒன்றிரண்டைக் கூண்டிலோ, நொடியில் முடித்துவிடும் வில்பொறியிலோ பிடித்துவிடலாம். எதை வைத்தாலும் விடியற்காலையில் பார்க்காமல் விடக் கூடாது.

எலி அல்லாத விருந்தாளிகள்

கிட்டங்கியிலும் வீட்டுப் பரணிலும் ஓசை எழுப்புபவை எல்லாம் எலிகள் அல்ல. மூஞ்சூறு எலி இனமே அன்று. கரப்பானையும் பூச்சியையும் தின்பது. கதவைத் திறந்து வழிவிட்டால் அது போய்விடும். ஓட்டு வீட்டுப் பரணில் மரநாய் குடியேறுவது உண்டு. அது வரும் துளையின் அருகில் கொஞ்சம் மாவைத் தூவி வைத்தால் காலடித் தடம் காட்டிக்கொடுக்கும். இருட்டிய பின் அது இரை தேடப் போன நேரத்தில் துளையை அடைத்துவிட்டால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் அடைக்கக் கூடாது. அடைத்தால் குட்டி உள்ளே பட்டினியில் சாகும். தாய் வெளியே ஓட்டைப் பிரிக்கும். சில வாரங்கள் பொறுத்தால் குட்டிகள் தாமே வெளியேறும்.

மூட்டை இடுக்கில் பாம்பு தென்பட்டால் அது எலியைத் தேடி வந்தது என்று பொருள். எத்தனையோ சாரைப்பாம்புகள் நல்ல பாம்பு என்று எண்ணி அடிக்கப்படுகின்றன. அவை எலிகளுக்குத்தான் எமன். இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. தடியைத் தேடாமல், ஆட்களை விலக்கி, தூர நின்று கண்காணித்து, தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்ல வேண்டும். அல்லது வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுவதையே தொழிலாக நடத்துகிறது. இருளர் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கொல்லாமல் பிடிப்பது ஒரு வித்தை. அதை அறிந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள்.

கோயில் ஊர்களில் கடை வைத்திருப்போருக்குக் குரங்குத் தொல்லை. புண்ணியம் என்று பழம் போடும் கையும், வாசலில் தொங்கும் வாழைத்தாரும் இருக்கும் வரை அவை போகமாட்டா. ஒரு கூட்டத்தைப் பிடித்து வேறிடத்தில் விட்டால், காலியான இடத்துக்கு இன்னொரு கூட்டம் வரும். விடப்பட்ட ஊரிலும் வம்பு தொடங்கும். தாரை வலைக்குள் தொங்கவிடுவதும், குப்பையை மூடி வைப்பதும், தீனி போடாதிருப்பதுமே நாம் செய்யக்கூடியவை. பிடிப்பது வனத்துறையின் வேலை.

சங்கம் செய்ய வேண்டியது

இதற்கெல்லாம் யார் செலவு செய்வது என்று சில உறுப்பினர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடையில் இருப்பவர்கள். சுவர் கட்டட உரிமையாளருடையது, சாக்கடை நகராட்சியுடையது. தவிர, ஒரு கடைக்காரர் மட்டும் பொந்தை அடைத்தால் எலி பக்கத்துக் கடைக்குப் போகும். அங்கே பெருகி, முதல் வழி கிடைத்ததும் திரும்பி வரும். தனியொருவரால் ஆகாத வேலை இது. சங்கம் என்ற ஒன்று இருப்பதே இத்தகைய வேலைகளுக்காகத்தான்.

எனவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு கடைவீதியிலும் பருவமழைக்கு முன் ஒரு வாரத்தைக் குறித்து, எல்லாக் கடைகளும் ஒரே சமயத்தில் அடைப்பு வேலையைச் செய்ய வேண்டும். கொத்தனாரும் வலையும் சங்கத்தின் மூலம் மொத்தமாக அமர்த்தினால் செலவு குறையும். இரண்டு, சாக்கடை வாய்க்கு வலை போடவும், சந்தைக் குப்பையை அன்றன்றே அள்ளவும் நகராட்சியிடம் சங்கமே மனுக் கொடுத்துத் தொடர வேண்டும். மூன்று, பசை அட்டையை உறுப்பினர்கள் பயன்படுத்துவதில்லை, விற்பதுமில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தடையில்லாத எலி மருந்தையும் உணவுப் பொருள்களோடு சேர்த்து வைக்காமல், குழந்தைகள் கையில் கொடுக்காமல் விற்பது என்று உறுதி எடுக்க வேண்டும்.

மூன்றாவது யோசனையால் கொஞ்சம் வியாபாரம் குறையும் என்பதை மறைக்கவில்லை. ஆனால், ஒரு வாடிக்கையாளர் தன் குழந்தைக்குப் பால்மாவு வாங்குவதும் நம்மிடம்தான். அந்த அலமாரியிலேயே நஞ்சு இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தால், அதுவும் நம் கடையின் முதலில் சேரும். வரும் பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதை விவாதித்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.