இயந்திரத்துக்கு முன் இயக்குநர்

கடலூர் மாவட்டத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘புதுச்சேரி ஜிப்மரா, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையா?’ என்பதுதான். சிதம்பரம் என்ற பதில் எளிதில் வருவதில்லை. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் கட்டணப் போராட்டத்தையடுத்து 2021-இல் சுகாதாரத் துறையிடம் வந்து, மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. பெயர்ப் பலகை மாறியது. புதுச்சேரி பஸ்ஸில் கூட்டம் குறையவில்லை.

கதிர்வீச்சு சிகிச்சை பல நேரங்களில் வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்தாறு வாரம் நீளும். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி அதற்காகத் தினமும் புதுச்சேரி போய்வர முடியுமா? அங்கேயே தங்கினால் அவர் கூலியும் போகும், துணைக்கு இருப்பவர் கூலியும் போகும். காப்பீட்டு அட்டை இதற்கெல்லாம் ஈடு தராது. சிகிச்சை பாதியில் நிற்பது இப்படித்தான்.

சிதம்பரத்தில் முழுமையான புற்றுநோய் மையம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஆனால், ‘பல கோடியில் நவீன இயந்திரம்’ என்ற அறிவிப்புக்குக் கைதட்ட நாம் தயாரில்லை. அதை இயக்க ஆளில்லாமல் போனால் பூட்டிய அறைதான் மிஞ்சும். முதலில் தேவை, பத்தாண்டுத் திட்டமும் அதற்குப் பதில் சொல்லும் ஒரு தலைமையும்.

அடையாறு எப்படி வளர்ந்தது? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். மகன் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி எழுப்பினார். 1955-இல் சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு அகலவில்லை. ஆசியாவிலேயே முன்னோடியாக அங்கே கோபால்ட் கருவி வந்தது 1957-இல். அதைவிடப் பெரிய காரியம் 1981-இல் நடந்தது: சென்னையில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வருகிறது என்று எண்ணும் பதிவேடு. பளபளப்பில்லாத, பொறுமை கேட்கும் வேலை. ஆள் நிலைத்தால்தான் அது நடக்கும்.

அரசுக் கல்லூரிகளில் நிலைமை வேறு. டீன் நாற்காலிக்கு வருகிறவர் பெரும்பாலும் ஓய்வு வயதை நெருங்கியவர். வந்து கோப்புகளைப் புரிந்துகொள்வதற்குள் விடைபெறும் விழா வந்துவிடும். துறை மருத்துவர்களுக்கோ இடமாறுதல் கலந்தாய்வு. குறை ஆட்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

கடலூருக்கு இதில் கூடுதல் அவசரம் உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் சுற்றுவட்டாரத்தில் வாழ்வோருக்கு வாழ்நாள் புற்றுநோய் ஆபத்து குறைந்தபட்சம் 2,000 மடங்கு அதிகம் என்று நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) 2007-இல் சொன்னது. அது காற்றிலிருந்த வேதிப்பொருட்களை அளந்து போட்ட கணக்கு. நோயாளிகளை எண்ணிச் சொன்னதல்ல. ஆலைத் தரப்பு அதை மிகை என்று தள்ளுவதற்கும், தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு கிராம மக்கள் ஒவ்வொரு மரணத்தையும் ஆலையின் கணக்கில் எழுதுவதற்கும் இந்த இடைவெளியே இடம் கொடுக்கிறது. தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. மாவட்ட அளவிலான எண்களைக் கிராம அளவுக்கு இறக்கி, புகையிலைப் பழக்கம், வயது, தொழில் ஆகியவற்றைச் சேர்த்து ஆராயும் பொறுப்பைச் சிதம்பரம் ஏற்க வேண்டும். சிப்காட்டிலிருந்து சிதம்பரம் ஒன்றும் தொலைவில்லை.

ஆகவே அரசு செய்ய வேண்டியது: மையத்துக்கெனத் தனி இயக்குநரை நியமித்து, குறைந்தது ஏழாண்டு இடமாறுதலிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். இயந்திரம் வாங்கும் ஆணையிலேயே மருத்துவ இயற்பியலாளர், தொழில்நுட்பநர் பணியிடங்களையும் சேர்க்க வேண்டும். நோயாளியும் துணையும் தங்க வளாகத்திலேயே விடுதி வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், ஏன் விட்டார்கள் என்ற விவரத்தோடு சிப்காட் கிராமங்களின் பதிவேட்டையும் சேர்த்து, ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் வெளியிட வேண்டும்.