பன்னிரண்டு பாட்டிலும் அண்ணன் பெயர்!

2020ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் 'பவர் அப்'. வெளியிட்டோர் ஏசி டிசி எனும் ஆஸ்திரேலிய ராக் இசைக் குழுவினர். சில நாட்களுக்குள் ஆஸ்திரேலியாவிலே முதலிடம், பிரிட்டனிலே முதலிடம், அமெரிக்காவிலே முதலிடம்! கொரோனாவுக்கு அஞ்சி ஊர்களெல்லாம் கதவடைத்துக் கிடந்த காலம் அது. கச்சேரி இல்லை, கூட்டம் இல்லை. வீட்டுக்குள் இருந்தபடியே வாங்கினார்கள், கேட்டார்கள், களித்தார்கள் ரசிகர்கள்.

மேதாவிகள் சிலர் முகம் சுளித்தனர். இது அவர்களுக்குப் பழக்கம். ஏசி டிசி குழுவினர் ஆண்டாண்டு காலமாக ஒரே பாட்டைத்தானே பாடுகிறார்கள், புதுமை எங்கே, நுணுக்கம் எங்கே என்று கேட்பார்கள். நாம் கேட்கிறோம்: ரசிகன் கேட்டானா புதுமையை? உலைக்களத்திலும் சுரங்கத்திலும் உழைத்து, வியர்வை காயாத சட்டையோடு வந்து நிற்பவன், "என்னை ஏமாற்றாதே, நேற்று தந்ததை இன்றும் தா" என்கிறான். தந்தார்கள். இதிலே இவர்களுக்கு என்ன நட்டம்?

ரசிகன் எதற்காக அந்தத் தட்டைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினான் என்பதை இந்தப் பெரியவர்கள் விசாரிக்கவே இல்லை. விசாரித்திருந்தால் ஒரு தம்பியின் கதை கிடைத்திருக்கும்.

ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரிலிருந்து 1963இல் பிழைப்புத் தேடிச் சிட்னிக்குக் குடியேறிய குடும்பம் யங் குடும்பம். அண்ணன் மால்கம் 1953இல் பிறந்தவர். தம்பி ஆங்கஸ் 1955. பள்ளியைச் சிறு வயதிலேயே விட்டார்கள். மால்கமுக்கு உள்ளாடை தைக்கும் ஆலையிலே தையல் இயந்திரங்களைச் செப்பனிடும் வேலை. ஆங்கஸுக்கு அச்சுக்கூடத்திலே வேலை. நமக்கு நெருக்கமானவர்தான், என்ன புத்தகம் அச்சிட்டார் என்று மட்டும் கேட்காதீர்கள்! 1973இல் இருவரும் குழு அமைத்தனர். தையல் இயந்திரத்தில் மின்சாரத்தைக் குறிக்கப் பொறித்திருந்த எழுத்துக்களைக் கண்டு தமக்கை மார்கரெட் சொன்ன பெயரே 'ஏசி டிசி'.

பள்ளிச் சிறுவன் உடையிலே மேடையெங்கும் துள்ளிக் குதிப்பவர் ஆங்கஸ். படமெடுப்பவர் கண்ணெல்லாம் அவர்மேல். மால்கமோ பின்னாலே, முரசடிப்பவருக்குப் பக்கத்திலே நிற்பார். கூட்டுக் குரல் வேண்டிய இடத்திலே ஒலிபெருக்கி முன் வருவார், பாடுவார், திரும்பவும் பின்னே போய்விடுவார். தலையிலே சுமக்கும் குடம் ஊரார் கண்ணிலே படும். சும்மாடு யார் கண்ணுக்குத் தெரிகிறது? அந்தச் சும்மாடு மால்கம். தாளம் பிசகாமல் அவர் மீட்டிய கிட்டாரின்மேல்தான் தம்பி ஆடினார். குழுவை நடத்தியவரும் அவரே.

1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இலண்டனிலே மாண்டார். குழு கலைந்தது என்றே பலரும் எண்ணினர். கலையவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகன் பிரையன் ஜான்சனைப் பாடகராக அழைத்துக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் 'பேக் இன் பிளாக்' தட்டை வெளியிட்டனர். மறைந்த தோழனுக்குத் துக்கம் காட்ட அட்டை முழுவதும் கறுப்பு. அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிக்கு மேல் போயிற்று அது.

பிறகு வந்தது கொடிய சோதனை. மால்கமின் நினைவு தேயத் தொடங்கிற்று. 2008இல் தொடங்கிய 'பிளாக் ஐஸ்' சுற்றுப்பயணத்தின்போது, தாமே கட்டிய பாட்டுக்களை அவர் மறுபடி மறுபடி பயின்று மேடை ஏறினாராம். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! முப்பது ஆண்டு விரல் அறிந்த பாட்டு, மூளை மறந்துவிட்டது. அப்போதும் ஓய்வு கேட்கவில்லை, பயின்றார், வாசித்தார். 2014இல் மேடையைவிட்டு ஒதுங்கினார். 2017 நவம்பர் 18 அன்று, 64ஆம் வயதில் மறைந்தார்.

அதற்கு முன்பே, 2016இல், குழு சிதறத் தொடங்கியிருந்தது. பிரையன் ஜான்சனுக்குக் காது கேட்பது குறைந்து அவர் பயணத்தைப் பாதியில் விட்டார். கிளிப் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றார். முரசடிக்கும் பில் ரட் வழக்கிலே சிக்கி ஏற்கெனவே வெளியே இருந்தார். எஞ்சியவர் ஆங்கஸ்.

அந்த ஆங்கஸ் என்ன செய்தார்? அண்ணனும் தாமும் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து பெட்டி பெட்டியாய்ப் போட்டு வைத்திருந்த மெட்டுக்களைத் தேடி எடுத்தார். சிதறிய மூவரையும் திரும்பக் கூட்டினார். அண்ணன் நின்ற இடத்திலே இன்னோர் அண்ணனின் மகன் ஸ்டீவி யங். (சிற்றப்பாவைவிட இரண்டு வயதுகூட இளையவரல்லர் இந்த மகன், பெரிய குடும்பம்!) 2018இல் கனடாவின் வான்கூவர் நகரிலே பாட்டுக்கள் பதிவாயின. பான் ஸ்காட்டுக்குப் 'பேக் இன் பிளாக்' எப்படியோ அப்படியே மால்கமுக்கு இது என்றார் ஆங்கஸ். தட்டிலே பாட்டுக்கள் 12. பன்னிரண்டுக்கும் ஆக்கியோர்: ஆங்கஸ் யங், மால்கம் யங்.

ரசிகர்கள் அந்தப் பெயரைப் படித்தார்கள். பாட்டைக் கேட்குமுன் படித்தார்கள். உழைத்தவன் செத்தால் அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து கிழிக்கும் உலகத்தை ஆலைத் தொழிலாளி அறிவான். மால்கமின் விரல் இந்தத் தட்டிலே ஒலிக்கவில்லை. மெட்டு அவருடையது, ஆகவே பெயரும் கூலியும் அவருக்கு உரியவை. இதை உணர்ந்தவனுக்கு மேதாவிகளின் புதுமைக் கணக்கு எதற்கு?

குறையே இல்லை என்று கூறோம். பன்னிரண்டும் தங்கமல்ல, நாலைந்து வெறும் பித்தளை. பாடல் வரிகளிலே கருத்தைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்பும். குழுவினரும் இன்று கோடீசுவரர்கள். நுழைவுச் சீட்டின் விலை ஒருநாள் கூலிக்கு அடங்காது. இவற்றையெல்லாம் ரசிகனும் அறிவான், குறைப்பட்டுக்கொள்ளவும் செய்கிறான். ஆனால் 'த்ரூ த மிஸ்ட்ஸ் ஆப் டைம்' என்ற பாட்டு வந்ததும் குறை சொல்லும் வாய் மூடிக்கொள்கிறது. துள்ளலுக்கு நடுவே ஒரு ஏக்கம். பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்கும் குரல். யாரைத் தேடுகிறது என்பதை விளக்க உரை தேவையில்லை.

இந்தத் தட்டின் பெயரால் சுற்றுப்பயணம் தொடங்கியது 2024 மே 17இல். ஊர், ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன். நிலக்கரி வெட்டி வாழ்ந்த ஊர். சுரங்கங்கள் மூடப்பட்ட ஊர். அங்குள்ள கால்பந்துக் கழகத்தாரை இன்றும் சுரங்கத் தொழிலாளர் என்றே செல்லமாக அழைக்கிறார்கள். அந்தக் கழகத்தின் மைதானத்திலேதான் கச்சேரி. தாத்தாவும் பேரனும் ஒரே சட்டை அணிந்து வரும் கூட்டம் இந்தக் குழுவுக்கு. கிளிப்பும் பில்லும் இந்தப் பயணத்தில் இல்லை. புதியவர் இருவர் வந்திருந்தனர். ஆங்கஸ் முன்னே ஆடினார். எழுபதைக் கடந்த பிரையன் தொண்டை கிழியப் பாடினார். ஸ்டீவி பின்னே, முரசுக்குப் பக்கத்திலே. கூட்டுக் குரல் வேண்டிய இடத்திலே முன்னே வந்தார், பாடினார், திரும்பவும் பின்னே போய் நின்றுகொண்டார்.